மணலில் நீர் காத்த மூதாட்டி

2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், பிறப்பு இறப்புப் பதிவாளரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முதல் நாளே என் தந்தையைப் பெற்ற ஆச்சியைத் தகனஞ் செய்திருந்தோம். பெயர், வயது, தந்தையார் பெயர், மரணத்தின் காரணம் என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பதிவாளர், "தொழில்?" என்று வினவினார். "தொழில் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தவர்" என்று நான் விடை கூறினேன். அவரும் அவ்வாறே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவக் குனிந்தபோதுதான், நான் சொல்லிவிட்டு வந்த சொல்லின் பொய்ம்மை என் நெஞ்சில் உறைத்தது. அக்கிணறு ஆச்சி காத்த கிணறு. அதனைச் சூழ்ந்திருந்த பாத்திகள் ஆச்சி எழுபது ஆண்டுக் காலம் நீரூற்றிய பாத்திகள். என்னைக் கல்லூரி ஆசிரியனாக்கிய பட்டமும் அந்த மண்ணிலே விளைந்ததேயாகும். அவ்வாறிருந்தும், "தொழில் ஒன்றும் இல்லை" என்று சொல்ல எனக்கு நாக் கூசவில்லை.

அப்பிழைக்கு ஈடாக இக்கட்டுரையை எழுதுகின்றேன். என் ஆச்சி ஊரறிந்த பெரியாரல்லர். செய்தித்தாளில் ஒருமுறையேனும் பெயர் வராதவர். ஆயினும் நம் வாசகர்களுள் பெரும்பாலோர் வீட்டில் இத்தகைய ஆச்சி ஒருவர் இருந்திருப்பார், அல்லது இன்றும் இருப்பார் என்ற நம்பிக்கை எனக்குண்டு.

உப்புக்கு நடுவே ஓர் ஊர்

இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளத்துக்கு மேற்கே, கடலுக்குள் நீட்டிய கைபோலக் கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. மேற்கே மன்னார் வளைகுடா. கிழக்கே புத்தளம் களப்பு. இடையிலே கிடப்பது மணல், மணலைத் தவிர வேறில்லை. பழைய துறைமுகமான கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இன்றும் நிற்கின்றது. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊரும் அதுவே. புலவர்களை நினைவிலே நிறுத்த ஒருவர் தோன்றிய அம்மண்ணில், அம்மண்ணையே உழைத்துச் செழிப்பித்த பெண்களை எழுதிவைப்பார் ஒருவரும் தோன்றவில்லை.

இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் நெடுங்காலமாய் அடுத்தடுத்து வாழும் பகுதி அது. தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் வண்டியில் எங்கள் ஊர் இந்துக்களும் இருப்பார்கள். ஆடி மாதத்தில் உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பைக் காண ஆச்சி தவறாது செல்வார். சிலாபத்துக்கருகேயுள்ள முன்னேஸ்வரத்துத் தேரையும் அவர் ஆண்டுதோறும் கண்டுவந்தார். போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டுப் பின்னர் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்த கோவில் அது. "இடிந்தது எழும்பும், பொறுமை வேணும்" என்று அக்கோவிலைச் சுட்டி அவர் சொல்வதுண்டு.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 மில்லிமீற்றர் மழையே பெறும் வறண்ட கரை அது. அம்மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்கின்றது. ஆறு இல்லை; குளமும் அரிது. இருபுறமும் உப்பு நீர். இந்நிலையில் அம்மணலில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் எவ்வாறு விளைகின்றன என்று புதிதாக வருவோர் வியப்பர். விடை மண்ணுக்கடியில் இருக்கின்றது.

புகையிரதம் வந்த ஆண்டு

ஆச்சிக்குத் தம் பிறந்த தேதி தெரியாது. "புத்தளத்துக்குக் கோச்சி வந்த வருஷம் நான் பிறந்தேன்" என்பார். சிலாபத்தோடு நின்றிருந்த புகையிரதப் பாதை புத்தளம் வரை நீண்டது 1926இல். பஞ்சாங்கக் கணக்கில் அது அட்சய ஆண்டு. அக்கணக்கின்படி அவர் காலமானபோது அவருக்கு வயது 92.

அவர் பிறந்தது சிலாபத்துக்கு வடக்கே, தெதுறு ஓயாவுக்கு அணித்தான ஒரு சிற்றூரில். எட்டாவது வயதில் அவர் கண்ட காட்சி அவரை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, மணற்படுகையில் குட்டை குட்டையாய் நீர் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அக்குட்டைகளில் பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் தெதுறு ஓயா, மகா ஓயாப் பள்ளத்தாக்குகளில் தொடங்கிய காய்ச்சல், 1935 முடிவதற்குள் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் ஒருவன் ஆச்சியின் தம்பி. நான்கு வயதுக் குழந்தை. கொயினா மருந்து வாங்கச் சென்ற தகப்பனார் திரும்பி வருவதற்குள் அவன் அடங்கிவிட்டான்.

"தேங்கின தண்ணி ஆளைக் கொல்லும், ஓடுற தண்ணி ஆளை வாழவைக்கும்" என்று ஆச்சி அடிக்கடி சொல்வது அந்த ஆண்டில் கற்ற பாடம். எங்கள் முற்றத்தில் ஒரு சிரட்டை நீர் தேங்கி நிற்க அவர் பொறுக்கமாட்டார். நாங்கள் சிறுவராயிருந்தபோது அதனை ஒரு பித்து என்று எண்ணி நகைத்ததுண்டு.

பிற்காலத்தில் டி.டி.ரி. மருந்து தெளித்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே என்னும் நிலைக்கு மலேரியா அடக்கப்பட்டது. "நோய் ஒழிந்தது" என்று கண்காணிப்புத் தளர்ந்ததும், ஆறே ஆண்டுகளில், 1969இல், அது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. பின்னர் நீண்ட போராட்டத்தின் முடிவில், இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று வழங்கியது. அச்செய்தியை நான் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். தொண்ணூறு வயது மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எண்பத்திரண்டு வருஷம் பிந்திப்போச்சு, மகன்" என்றார். தம்பியைப் பற்றி அவர் பேசியதை நான் கேட்டது அதுவே கடைசி.

மணலுக்கு வந்த மருமகள்

1944இல், பதினெட்டாவது வயதில், அவர் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு மருமகளாய் வந்தார். யுத்தக் காலம். 1942 முதல் அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்கே கிடைத்தது. இரண்டு ஏக்கர் மணல் நிலமும், தென்னோலை வேய்ந்த வீடும், ஒரு துரவுமே பாட்டனாரின் சொத்து. துரவு என்பது கல் கட்டாத ஆழமற்ற நீர்க்குழி. சரிவாக இறங்கி நீர் மொள்ளும்படி மணலில் அகன்று தோண்டப்பெற்றிருக்கும்.

இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் துளையிட்டுச் செய்த பூவாளிகளை இரு கைகளிலும் ஏந்தித் துரவுக்குள் இறங்கி, மொண்டு, மேலேறி, பாத்திக்கு ஊற்றி, மீண்டும் இறங்க வேண்டும். விடியலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மணல் நீரைத் தேக்கி வைத்திருக்கும் இயல்பில்லாதது. ஒருநாள் தவறினாலும் நாற்று வாடிவிடும். ஐந்து பிள்ளைகளை வயிற்றில் சுமந்த காலத்திலும் அந்த ஏற்ற இறக்கம் நின்றதில்லை என்று ஊர்ப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மணலுக்கு உரம் வேண்டும். மழைக்கு முன் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் நிலத்தில் மாற்றி மாற்றி அடைத்து எருவேற்றுவார்கள். பூவரசங் குழையை வெட்டிப் புதைத்து மக்கவிடுவார்கள். மாரி ஓய்ந்து தைப்பொங்கலும் கழிந்ததும் வெங்காயம் நடுவார்கள். இரண்டு, இரண்டரை மாதத்தில் தாள் சாயும். பிடுங்கி, உலர்த்தி, தாளோடு பிடிபிடியாய்க் கட்டி, அடுத்த போகத்துக்கு வேண்டிய விதை வெங்காயத்தை அடுக்களை முகட்டில் தொங்கவிடுவார்கள். அடுப்புப் புகை அதனைப் பூச்சியினின்றும் அழுகலினின்றும் காக்கும்.

இவ்வேலைகளில் உழவும் வேலியடைப்பும் சந்தைக்கு ஏற்றுவதும் ஆண்களுடையவை. நடுதல், நீரூற்றுதல், களை பிடுங்குதல், உலர்த்துதல், கட்டுதல், விதை காத்தல் ஆகியவை பெண்களுடையவை. அவற்றுக்கு மேலாகச் சமையலும், பிள்ளை வளர்ப்பும், கோழியும் ஆடும். எனினும் சந்தைக்குப் போனவர் கையில் பணம் வந்தமையால், அவரே கமக்காரர் எனப்பட்டார். மற்றவர் 'கமக்காரர் பெண்சாதி' எனப்பட்டார்.

1968இல் பாட்டனார் காலமானார். ஆச்சிக்கு அப்போது 42 வயது. கடைக்குட்டிக்கு ஏழு வயது. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்புமாறு உறவினர் அறிவுரை கூறினர். ஆச்சி மூன்றாம் நாளே பூவாளியைக் கையில் எடுத்தார். அதன்பின் சந்தைக்கும் அவரே போனார். விலையும் அவரே பேசினார். பட்டங் கட்டி யாரும் கூறாவிட்டாலும், அன்று முதல் அவரே அந்நிலத்தின் கமக்காரர்.

பஞ்சாங்கத்தின் ஓரங்கள்

மூன்றாம் வகுப்பு வரையே படித்தவர் ஆச்சி. ஆயினும் எழுத்தை அவர் மறக்கவில்லை. ஆண்டுதோறும் வாங்கும் பஞ்சாங்கத்தின் வெற்று ஓரங்களில் பென்சிலால் எழுதிவைப்பது அவர் வழக்கம். நட்ட நாள், மழை பெய்த நாள், பிடுங்கிய நாள், விற்ற விலை, கிணற்றில் நீர் எத்தனை முழம் நின்றது, எந்த நாளில் நீர் சப்பென்று மாறியது என்பனவெல்லாம் அங்கே இருக்கும். பழைய பஞ்சாங்கங்களை அவர் எறிந்ததில்லை. தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்து, நாடெங்கும் ஹர்த்தால் நடந்த ஆடி மாதத்துக்கு நேரே, 'கூழ்' என்னும் ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது.

அவருடைய கண் மங்கிய பின்னர், அவ்வோரங்களை அவருக்குப் படித்துக் காட்டும் வேலை என்னுடையதாயிற்று. "எழுபத்தாறில் எப்ப மழை?" என்பார், நான் தேடிச் சொல்வேன். ஆராய்ச்சி நிலையங்களில் வைக்கும் பதிவேட்டுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று என்று இன்று எனக்குத் தோன்றுகின்றது. அன்று அது ஆச்சியின் கிறுக்கலாகவே தோன்றிற்று.

படுத்திருக்கும் கடல்

மணலுக்கடியில் உள்ள விடையை இனிச் சொல்கின்றேன். மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கின்றது. உப்புநீர் நன்னீரைவிடச் சிறிது கனமானது, ஒன்றுக்கு 1.025 என்பது கணக்கு. இவ்வாறு மிதக்கும் நன்னீர், நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், பூதக்கண்ணாடியின் வில்லை போன்ற வடிவங் கொள்ளும். நெதர்லாந்தின் கிபென் என்பவரும் ஜேர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டறிந்தனர். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டு என்பது அவர்கள் முடிவு. இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே ஓரடி நீரை இறைத்துத் தாழ்த்தினால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பதடி வரை ஏறிவர இடமுண்டு.

பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்ற நான் இதனை முதன்முதலாக அறிந்தபோது பெருமகிழ்ச்சி கொண்டேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் ஆச்சியைத் திண்ணையில் இருத்தி, மணலில் படம் வரைந்து விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு, "மழைத் தண்ணி மேல மிதக்குது, கடல் கீழ படுத்திருக்குது, படுத்திருக்கிறவனை எழுப்பாதே எண்டு உன் அப்பனுக்கு நான் எத்தனை வருஷமாச் சொல்றேன்! இதுக்கு நீ பஸ் ஏறிப் போய்ப் படிச்சாயா, ராசா?" என்றார்.

அவர் சொன்னது மெய்யே. வறட்சியில் துரவு வற்றினால் ஊரார் அதன் அடியை மேலும் தோண்டுவார்கள். ஆச்சி தோண்டவிடமாட்டார். சற்றுத் தள்ளி வேறோர் ஆழமற்ற குழியைத் தோண்டுவிப்பார். நண்பகலில் நீர் இறைக்க இசையமாட்டார். கிணறு மூச்சு வாங்கும் நேரம் அதுவென்பார். வெங்காயத் தாளின் நுனி கருகுவதைக் கண்டால், நாக்கில் நீரைத் தொட்டுப் பார்த்து, அன்றே இறைப்பைப் பாதியாக்குவார். கிபென் கணக்கிட்டு அறிந்ததை ஆச்சி நாவாற் சுவைத்தே அறிந்திருந்தார்.

பொறி வந்த கதை

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் போலவே எங்கள் குடாநாட்டாரும் அக்காலத்தில் கல்வீடு கட்டினர். என் தந்தையார் 1973இல் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். துரவு கல் கட்டிய கிணறாயிற்று. ஆச்சி இயந்திரத்தை வெறுக்கவில்லை. ஏறி இறங்கித் தேய்ந்த அவருடைய முழங்கால்கள் அதனை வரவேற்றிருக்கவும் கூடும். ஆனால், "ஒரு பொழுது இறை, ஒரு பொழுது விடு" என்று நிபந்தனை விதித்தார். தந்தையார் இரு பொழுதும் இறைத்தார், பாத்திகளையும் இருமடங்காக்கினார்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு வெங்காயம் வந்து விலை விழுந்தது. விழுந்த விலைக்கு ஈடுகட்ட இன்னும் மிகுதியாக விளைவிக்க முனைந்தனர், மேலும் இறைத்தனர். 1983ஆம் ஆண்டின் வறட்சியில் கிணற்று நீர் உப்புக் கரித்தது. ஒரு போகம் முழுவதும் நின்றவாறே கருகியது. அன்றிரவு ஆச்சி யாரையும் குறை கூறவில்லையாம். தகரப் பெட்டியிலிருந்து பத்து ஆண்டுப் பஞ்சாங்கங்களை எடுத்து மகன் முன்னால் விரித்து வைத்தார். நீர் ஆண்டுக்காண்டு எத்தனை விரற்கடை தாழ்ந்தது என்பது அங்கே வரிசையாக இருந்தது. மறுநாள் முதல் தந்தையார் ஒரு பொழுதே இறைத்தார். மூன்று மாரிகள் கழிந்த பின்னரே நீர் இனித்தது.

இரசாயன உரத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. மணல் உரத்தைப் பிடித்துவைப்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது நீரோடு இறங்கிக் கிணற்றையே அடைகின்றது. 1980கள் முதல் நடைபெற்ற ஆய்வுகள், குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் காட்டியுள்ளன. குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டினால் கைக்குழந்தைகளுக்குக் கேடு. ஆச்சி உரத்தை முற்றாக விலக்கியவரல்லர். எருவைக் குறைக்காமல் உரத்தைக் குறைத்தவர். 2021 ஏப்ரிலில் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை விதிக்கப்பட்டு, கமக்காரர் அல்லலுற்று, அவ்வாண்டு முடிவதற்குள் தடை நீக்கப்பட்டபோது, ஆச்சி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். முன்னேஸ்வரத்தைச் சுட்டிச் சொன்னதையே சொல்லியிருப்பார்: பொறுமை வேண்டும்.

பாதி விளைவு

எனக்குப் பத்து வயதாயிருந்த 1990ஆம் ஆண்டின் ஒக்டோபர் இறுதியை நான் மறக்க இயலாது. விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னாரிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். கட்டிய துணியோடு குழந்தைகளைத் தோளிற் சுமந்து மணலிலே நடந்து வந்த அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது குடிநீர்.

ஆச்சி படலையைத் திறந்துவிட்டார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "இறைச்சு ஊத்தினா உப்பு வந்திடும், கையால மொண்டு குடுங்கோ" என்றார். நாங்கள் சிறுவர் வரிசையாக நின்று குடங்களை நிரப்பிக் கொடுத்தோம். அவர்களுக்கு வேறு நீர் ஏற்பாடாகும்வரை எங்கள் பாத்திகளுக்குச் சொட்டு நீரும் ஊற்றப்படவில்லை. பருவமழை வருவதற்குள் நட்ட நாற்றிற் பாதி காய்ந்தது. தந்தையார் முகம் வாடியதைக் கண்டு ஆச்சி சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கின்றது: "பயிர் வாடினா அடுத்த போகம் இருக்கு. பிள்ளை வாடினா என்ன இருக்கு?"

அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருப்பது இவ்வளவே: 'பாதி விளைவு. தண்ணீர் சனத்துக்கு.' தம் அறத்தைப் பற்றி அவர் எழுதியது அந்த ஒரே வரிதான். அதனையும் வரவு செலவுக் கணக்காகவே எழுதினார்.

விற்ற விதை

விதை வெங்காயத்தை ஆச்சி என்ன விலை வந்தாலும் விற்றதில்லை. "விதையை விக்கிறவன் நாளைக்குத் தன்னை விப்பான்" என்பார். 2000ஆம் ஆண்டு எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. 1945இல் கன்னங்கரா அவர்கள் ஏற்படுத்திய இலவசக் கல்வியால் கட்டணம் இல்லை. ஆனால் தங்குவதற்கும், உடைக்கும், புத்தகத்துக்கும் பணம் வேண்டும். அவ்வாண்டு விளைச்சலும் குறைவு. ஒருநாள் நான் அடுக்களைக்குள் நுழைந்தபோது முகடு வெறுமையாயிருந்தது. எழுபத்து நான்கு வயது வரை விற்காத விதையை ஆச்சி விற்றுவிட்டார். அடுத்த போகத்துக்கு அயல்வீட்டு முஸ்லிம் கமக்காரர் ஒருவர் விதையைக் கடனாகத் தந்தார். வட்டி கேட்கவில்லை. "உங்கட கிணத்துத் தண்ணி குடிச்ச எங்கட ஆக்கள் கனபேர்" என்றார்.

அந்த வெறும் முகட்டைக் கண்ட கண்களோடுதான் நான் பதிவாளர் முன்னால் நின்றேன். "தொழில் ஒன்றும் இல்லை" என்றும் சொன்னேன்.

என் பிழையும் நம் பிழையும்

இது என் ஒருவனின் மறதி மட்டுமன்று. நம் நாட்டின் தொழிற்படைக் கணக்கெடுப்பில் 'ஊதியம் பெறாத குடும்ப உழைப்பாளர்' என்றொரு வகுப்புண்டு. அவ்வகுப்பிற் பெரும்பாலோர் பெண்களே. வயலிலும் தோட்டத்திலும் உழைத்துவிட்டு, கேட்டால், "சும்மா வீட்டில் இருக்கிறேன்" என்று தாமே கூறும் பெண்கள் எத்தனை பேர்! இலங்கையில் 1931இலேயே 21 வயது நிரம்பிய பெண்களுக்கு ஆண்களோடு ஒப்ப வாக்குரிமை கிடைத்தது. 1952 தேர்தல் தொடக்கம் ஆச்சி ஒரு தேர்தலிலும் வாக்களிக்கத் தவறியதில்லை. வாக்காளர் என்று அவரை ஏற்ற நாம், உழவர் என்று ஏற்கவில்லை.

உலகம் மெல்ல விழித்துக்கொண்டு வருகின்றது. ஒக்டோபர் 15ஆம் நாள் 2008 முதல் கிராமியப் பெண்களின் அனைத்துலக நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 2026ஆம் ஆண்டினைப் பெண் உழவருக்குரிய அனைத்துலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024இல் அறிவித்தது. தமிழகத்தின் கோவை மாவட்டத்துத் தேக்கம்பட்டியில், நூறு வயதைக் கடந்த பின்னும் இயற்கை வேளாண்மை செய்துவந்த பாப்பம்மாள் என்னும் மூதாட்டிக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2024 செப்டெம்பரில் அவர் மறைந்தபோது செய்தித்தாள்கள் அவரை 'விவசாயி' என்றே எழுதின. அச்சொல்லைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, வெட்கமும் வந்தது.

கடைசி நாட்கள்

இறுதி ஆண்டுகளில் ஆச்சிக்குக் கண் முற்றாக மங்கிவிட்டது. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எங்கள் தோட்டத்திலிருந்து தெரியும். அதனை அவர் நிழலாகவே கண்டார். ஆயினும் காலையில் கிணற்று நீரில் ஒரு சிரங்கை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்து, "இனிப்புத்தான்" என்ற பின்னரே தேநீர் அருந்துவார். காலமாவதற்கு இரண்டு நாள் முன்னரும் அவ்வாறே செய்தார். அவர் இறுதியாக எங்களிடம் கேட்டது, "பின்னேரம் இறைக்கேல்லையே?" என்பதாகும். இறைக்கவில்லை என்று தம்பி சொன்னான். தலையை அசைத்துக் கொண்டார்.

தோட்டத்தை இப்போது தம்பி பார்க்கின்றான். ஒரு பொழுதே இறைக்கின்றான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் கிணற்றில் கயிறு விட்டு அளந்து, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்கின்றேன். என் கையெழுத்து ஆச்சியின் கையெழுத்தைப்போல அத்தனை தெளிவாயில்லை.

இதனைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் முதிய பெண்மணி ஒருவர் இருந்தால், இன்று மாலையே அவர் அருகில் அமருங்கள். "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்றே தொடங்குவார், எழுந்து போய்விடாதீர்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என்றாவது ஒருநாள் யாரேனும் ஒருவர் மேசைக்குப் பின்னாலிருந்து தலை நிமிராமலே கேட்கக்கூடும். அன்று நீங்கள் என்னைப்போல் தடுமாறலாகாது.

என்னிடம் அக்கேள்வியை இன்னொரு முறை கேட்பார் இல்லை. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகின்றேன். ஆச்சியின் தொழில், கமம்.